நமத்துப் போகாத வெடி!

மழையில நனைஞ்ச சரவெடியைப் பத்த வைச்சு, அது ‘புஸ்ஸ்’னு போனதைப் பார்த்து நொந்து போயிருக்கீங்களா? ‘மருந்துல ஈரம் பட்டா அவ்வளவுதான், நமத்துடும்’ங்கிற விஷயம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனா, நாலு கிலோமீட்டர் ஆழத் தண்ணிக்கு அடியில இருந்துக்கிட்டு, கொஞ்சமும் நமத்துப் போகாம வேலை பார்க்கிற ‘வெடி’ ஒண்ணு இருக்கு. அதுதான் கடலடி எரிமலை!

பூமி கக்குற மொத்த எரிமலைக் குழம்பில் முக்கால்வாசி கடலுக்கு அடியிலதான் வெளியே வருது. அதாவது, நாலு பங்கு குழம்புல மூணு பங்கு நம்ம கண்ணுக்கே தெரியாது. ‘அது கிடக்குது பாஸ், கடலே இல்லாத விருதுநகர் மாவட்டத்துக்கும் கடலடி எரிமலைக்கும் என்ன சம்பந்தம்?’னு கேட்கிறீங்களா? இருக்கு. கெமிஸ்ட்ரியில இருக்கு, பாதுகாப்புல இருக்கு, உங்க வேலைவாய்ப்புலயும் இருக்கு. வாங்க, ஒரு முங்கு முங்கிட்டு வரலாம்!

எரிமலை எரியுதா?

முதல்ல பேரு பிரச்னை. ‘எரிமலை’னு பேர் வைச்சுட்டோமே தவிர, அங்கே எதுவும் எரியறது இல்லை. நம்ம ஊர் வெடியில வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பவுடர் எல்லாம் இருக்கு. வெடியுப்புலயே ஆக்சிஜன் ஒளிஞ்சிருக்கிறதால, நல்ல தரமான திரியைப் பத்த வைச்சுத் தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும். கரித்துண்டும் கந்தகமும் மூச்சு விடத் தேவையான காற்றை, திரி தன் பாக்கெட்டுலயே வைச்சிருக்கு.

எரிமலைக்கு அந்த ஆக்சிஜன்கூடத் தேவையில்லை. அது உருகின பாறை. சுமார் 1,200 டிகிரி சூட்டுல குழம்பா இருக்கிற கல். அதுக்குள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கரைஞ்சு கிடக்கும், நம்ம கோலி சோடாவுக்குள்ள கேஸ் கரைஞ்சு கிடக்கிற மாதிரி. கோலியை அழுத்தினதும் ‘ஸ்ஸ்ஸ்’னு பொங்குதே... அழுத்தம் குறைஞ்சதும் கேஸ் வெளியே ஓடி வருது. எரிமலை வெடிக்கிறதும் அதே கதைதான்.

புஸ்வாணமும் அணுகுண்டும்

புஸ்வாணத்துக்கும் அணுகுண்டுக்கும் என்ன வித்தியாசம்? மருந்து வேறங்கிறது ஒரு பாதி. இன்னொரு பாதி, புஸ்வாணத்துக்கு வாய் திறந்திருக்கு. அணுகுண்டைச் சுத்திச் சணலை இறுக்கிக் கட்டியிருக்கு. கேஸ் வெளியே போக வழி இருந்தா பூவாகப் பூக்கும், வழி இல்லேன்னா குண்டாக வெடிக்கும்.

இப்போ கடலுக்கு வாங்க. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கிட்டே போகும். 4,000 மீட்டர்ல 400 மடங்கு. உங்க கட்டைவிரல் நகம் அளவு இடத்துல சுமார் 400 கிலோ எடை உட்கார்ந்திருக்கிற மாதிரி! இந்த அழுத்தத்துல குழம்புக்குள்ள இருக்கிற கேஸ் சுலபத்துல வெளியே வர முடியாது. சுமார் 3 கிலோமீட்டருக்குக் கீழே கடல் தண்ணிகூட நாம பார்க்கிற மாதிரி கொதிச்சு ஆவியாகாது. அதனால ஆழ்கடல்ல பெரும்பாலும் குழம்பு அமைதியா வழியும். வெளியே வந்ததும் மேல்தோல் ‘சடக்’னு இறுகி, உள்ளே இருக்கிற குழம்பு அதைப் பிதுக்கி, தலையணை தலையணையா அடுக்கிக்கிட்டுப் போகும். ‘தலையணை லாவா’ன்னே அதுக்குப் பேரு.

‘அப்போ ஆழ்கடல்ல வெடிக்கவே வெடிக்காதா?’ அங்கேதான் ட்விஸ்ட். ஆர்க்டிக் கடல்ல கக்கெல் மலைத்தொடர்னு ஒண்ணு. 4,000 மீட்டர் ஆழம். 2007இல் அங்கே கேமராவை இறக்கிப் பார்த்தாங்க. வெடிச்சுச் சிதறினா மட்டுமே உண்டாகிற கண்ணாடித் துணுக்குகள் தரை முழுக்கப் பரவிக் கிடந்தன. பாடப்புத்தகக் கணக்குப்படி நடக்கக் கூடாத வெடிப்பு அது. கேஸ் ரொம்ப நாள் அடைபட்டுச் சேர்ந்துட்டா, 400 மடங்கு அழுத்தத்தையும் தள்ளிக்கிட்டு வெளியே வந்துடும்!

ஆழம் குறைஞ்சா கேட்கவே வேணாம். 2022 ஜனவரி 15. பசிபிக் கடல்ல டோங்கா நாட்டுக்குப் பக்கத்துல ஹுங்கா எரிமலை, கடல்மட்டத்துக்குச் சற்றே கீழே இருந்து வெடிச்சது. சாம்பலும் நீராவியும் 57 கிலோமீட்டர் உயரம் போச்சு. அதோட அழுத்த அலை பூமியைப் பல தடவை சுத்தி வந்தது. சுனாமி வந்தது. கடலடி இன்டர்நெட் கேபிள் அறுந்து, ஒரு நாடே சுமார் 5 வாரம் உலகத்தோட சரியான தொடர்பில்லாம கிடந்தது. இதெல்லாம் ஒரே ஒரு வெடிப்புல!

31 பேரைக் காவு வாங்கிய கடல்

‘சரி, கப்பல் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போய்ப் பார்க்க வேண்டியதுதானே?’ பார்த்தாங்க. 1952 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே மியோஜின்-ஷோ என்ற கடலடி எரிமலை சீறிக்கிட்டு இருந்தது. அதை ஆராய, ‘கயோ மாரு 5’ என்ற அரசு ஆய்வுக்கப்பல் கிளம்பிச்சு. 24ஆம் தேதி, கப்பல் எரிமலைப் பகுதியில இருந்தப்போ அது வெடிச்சது. கப்பல்ல இருந்த 31 பேரும் போயிட்டாங்க. அதில் 9 பேர் ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவங்க. பிறகு கிடைச்சது, எரிமலைக் கல் துணுக்குகள் குத்தி நின்ன சில மிதக்கும் உடைசல்கள் மட்டும்தான்.

இந்த மாதிரி சேதியை நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அந்தப் பட்டாசு ஆலை விபத்துல 38 பேர் இறந்தாங்க. அதில் பல பேர் அங்கே வேலை பார்த்தவங்க இல்லை. புகையைப் பார்த்துட்டு, உதவி செய்யவும் என்ன ஆச்சுனு பார்க்கவும் பக்கத்து ஊர்களிலேர்ந்து ஓடி வந்தவங்க. முதல் வெடிக்குத் தப்பிச்சு, அடுத்த வெடிக்குப் பக்கத்துல நின்னவங்க.

ஒண்ணு நடுக்கடல், இன்னொண்ணு கரிசல் காடு. ஆனா ரெண்டும் சொல்ற பாடம் ஒண்ணுதான்: வெடிக்கிற இடத்தை தூரத்துல இருந்து பார்க்கக் கத்துக்கணும், வெடிக்கிறதுக்கு முன்னாடியே பார்க்கக் கத்துக்கணும். கடலடி எரிமலை ஆராய்ச்சியோட கடந்த 70 வருஷக் கதையே இந்த ரெண்டு வரிதான்.

காது கொடுத்துக் கேளுங்க!

தூரத்துல இருந்து எப்படிப் பார்க்கிறது? பார்க்க வேண்டாம், கேட்கலாம்! காத்துல ஒலி செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும்னா, கடல் தண்ணியில சுமார் 1,500 மீட்டர். அதுவும் நடுத்தர அட்சரேகைக் கடல்கள்ல சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்துல ஒரு ‘ஒலி வாய்க்கால்’ இருக்கு. மேலே வெப்பம், கீழே அழுத்தம். ரெண்டு பக்கமும் ஒலியின் வேகம் கூடுறதால, அந்த வாய்க்காலுக்குள்ள நுழைஞ்ச சத்தம் வெளியே தப்பாம ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அங்கே ஹைட்ரோபோன் எனும் கடல் மைக்கைத் தொங்கவிட்டா போதும். எங்கேயோ வெடிச்ச எரிமலை இங்கே கேட்கும். அணுகுண்டு சோதனைகளைக் கண்டுபிடிக்கிறதுக்காக உலக நாடுகள் போட்டு வைச்ச ஹைட்ரோபோன்கள்தான் இன்னிக்கு எரிமலைகளையும் காட்டிக் கொடுக்குது!

ரெண்டாவது வழி, கடல் தரையிலேயே நிலநடுக்கமானியை உட்கார வைக்கிறது. குழம்பு பாறையைப் பிளந்துக்கிட்டு மேலே வரும்போது சின்னச் சின்ன நடுக்கங்கள் கொத்துக் கொத்தா வரும். 2004 டிசம்பர் சுனாமிக்கு ஒரே மாசம் கழிச்சு, 2005 ஜனவரி கடைசியில அந்தமான் கடல்ல அப்படி ஒரு கொத்து. 5 ரிக்டருக்குக் குறையாத நடுக்கங்கள் மட்டுமே சில நாளில் 150க்கு மேல! கோவாவில் இருக்கிற தேசிய கடலியல் நிறுவனமான என்.ஐ.ஓ., அந்தமான் கடல்ல கடலடி நிலநடுக்கமானிகளை இறக்கிக் காத்திருந்தது. 2014 மார்ச் 21, 22 தேதிகளில் நிக்கோபார் பக்கத்துல இன்னொரு கொத்து சிக்கிச்சு. ‘இது குழம்பு அசையற அடையாளம்’னு அந்தப் பதிவுகளை வைச்சு ஆய்வுக்குழு சொன்னது.

இந்தியப் பெருங்கடலோட சூப்பர் ஹிட் துப்பறியும் கதை, மயோட்டே தீவுக் கதை. மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல இருக்கிற குட்டித் தீவு. 2018 மே மாசத்துல இருந்து அங்கே ஓயாத நடுக்கம். நவம்பர் 11ஆம் தேதி, உலகம் முழுக்க நிலநடுக்கமானிகளில் ‘ம்ம்ம்ம்...’னு ஒரு முனகல், 20 நிமிஷத்துக்கு மேல. யாருக்கும் ஒண்ணும் புரியலை. 2019 மே மாசம் பிரெஞ்சு ஆய்வுக்கப்பல் ஒண்ணு போய் சோனார் வைச்சுக் கடல் தரையைப் படம் எடுத்தது. பழைய வரைபடத்தில் சமதரையா இருந்த இடத்துல, சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில், 800 மீட்டர் உயரத்துக்கு ஒரு புத்தம் புது மலை! ஒரே வருஷத்துல முளைச்சது! மேலே மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்குத் தெரியவே தெரியாது.

மூச்சு விடும் மலை

கேட்டாச்சு. முன்கூட்டியே சொல்ல முடியுமா? அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில இருந்து சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, ஆக்சியல்னு ஒரு கடலடி எரிமலை. 1998, 2011, 2015னு மூணு தடவை வெடிச்சதை விஞ்ஞானிகள் பதிவு பண்ணியிருக்காங்க. இதோட தரையில வைச்ச கருவி ரொம்ப சிம்பிள்: தண்ணி எடையை அளக்கிற அழுத்தமானி. குழம்பு உள்ளே சேரச் சேரத் தரை பலூன் மாதிரி உப்பும். தரை உயர்ந்தா மேலே இருக்கிற தண்ணியின் உயரம் குறையும், அழுத்தமும் குறையும். சென்டிமீட்டர் கணக்குல கண்டுபிடிச்சிடலாம்.

‘போன தடவை எந்த அளவு உப்பினதும் வெடிச்சதோ, அந்த அளவை நெருங்கியாச்சு’னு 2014இல் ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், பில் சாட்விக்கும் ஸ்காட் நூனரும், ‘2015இல் வெடிக்கும்’னு கணிச்சாங்க. 2015 ஏப்ரல் 24, டாண்ணு வெடிச்சது! ஒரே நாள்ல 8,000 நடுக்கங்கள். உப்பியிருந்த தரை சுமார் 2.4 மீட்டர் இறங்கிடுச்சு. குழம்பு தண்ணியைத் தொட்ட இடங்களில் ஆயிரக்கணக்கான ‘டப்... டப்... டப்’ சத்தங்கள். நம்ம ஊர் பத்தாயிரம் வாலாவை யாரோ கடலுக்கடியில கொளுத்தின மாதிரி!

அதுக்காக ஜோசியம் பலிச்சுடுச்சுனு நினைச்சுடாதீங்க. அடுத்த வெடிப்பு 2025 முடியறதுக்குள்ளனு சொன்னவங்க, பிறகு அதை 2026க்குத் தள்ளி வைச்சாங்க. மலைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதே!

நம்ம வீட்டு எரிமலை

இந்தியாவுக்குன்னு ஒரு எரிமலை இருக்கு தெரியுமா? ஸ்ரீவிஜயபுரம்னு பேர் மாறின போர்ட் பிளேரில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன் தீவு. மேலே தெரியறது சுமார் 350 மீட்டர்தான். கடல் தரையில இருந்து அளந்தா 2 கிலோமீட்டருக்கும் மேல. பாதிக்கு மேல முங்கிக் கிடக்கிற மலை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல தூங்கிட்டு, 1991இல் கண் முழிச்சது. 2017 ஜனவரி 23 அன்னிக்கு, என்.ஐ.ஓ. குழு ‘சிந்து சங்கல்ப்’ கப்பல்ல பக்கத்துல மண் மாதிரி எடுத்துக்கிட்டு இருந்தப்போ திடீர்னு சாம்பல் கக்கிச்சு. குழு என்ன பண்ணினாங்க? சுமார் ஒரு மைல் தூரம் தள்ளிப்போய் நின்னு கவனிச்சாங்க. பகல்ல சாம்பல் மேகம், ராத்திரியில செக்கச் சிவந்த குழம்பு. 1952 பாடம் மறக்கலை! 2025 செப்டம்பரிலும் பாரன் லேசாகச் சீறினது.

பள்ளிக்கரணை டு 4,500 மீட்டர்

சென்னை வேளச்சேரி - தாம்பரம் ரோட்டுல, பள்ளிக்கரணையில பஸ்ஸில் போறப்போ ஒரு போர்டு பார்த்திருப்பீங்க: தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமா என்.ஐ.ஓ.டி. 1993இல் தொடங்கினது. இங்கே உருவான ‘ரோசப் 6000’ என்ற ரோபோ, 2010இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் தொட்டது.

2024 டிசம்பர்ல இவங்களும், கோவாவில் இருக்கிற தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலின் நடுவுல ஓடுற மலைத்தொடருக்கு ஆளில்லா நீர்மூழ்கி ஒண்ணை அனுப்பினாங்க. சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில், உயிரோட இருக்கிற ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடிச்சுக்கிட்டு வந்தது. கடல் தரை விரிசல்ல இறங்குற தண்ணி, கீழே குழம்போட சூட்டுல காய்ஞ்சு, செம்பு, துத்தநாகம், கந்தகம்னு பாறையில் இருக்கிறதை எல்லாம் கரைச்சுக்கிட்டுக் கறுப்புப் புகை மாதிரி வெளியே வரும். 350 டிகிரி சூடு இருந்தாலும் கொதிக்காத தண்ணி!

அடுத்த கட்டம், மனுஷனையே இறக்குறது. ‘மத்ஸ்யா 6000’. மூணு பேர் உட்காரக்கூடிய, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டை. சுவரோட தடிமன் 80 மில்லிமீட்டர். பயிற்சிக்காக, என்.ஐ.ஓ.டி. விஞ்ஞானி ராஜு ரமேஷ் 2025 ஆகஸ்ட்ல பிரான்ஸ் நாட்டு நீர்மூழ்கியில 4,025 மீட்டரும், மறுநாள் கடற்படையில இருந்து ஓய்வுபெற்ற ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டரும் போயிட்டு வந்துட்டாங்க.

இரும்புச் சட்டை போட்ட நத்தை

‘இவ்வளவு செலவு எதுக்கு?’ நேர்மையான பதில், ஆராய்ச்சி மட்டும் இல்லை, உலோகமும்தான். அந்தக் கறுப்புப் புகை படியற இடத்துல செம்பும் துத்தநாகமும் குவியுது. அதைத் தேட, சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோட இந்தியா 2016லயும் 2025லயும் ஒப்பந்தம் போட்டிருக்கு. ஒவ்வொண்ணும் 10,000 சதுர கிலோமீட்டர்.

இதே மலைத்தொடர்ல 2001இல் ஒரு நத்தையைக் கண்டுபிடிச்சாங்க. கால் முழுக்க இரும்பு சல்பைடு செதில், ஓட்டுக்கும் இரும்புப் பூச்சு. உலகத்துல வேற எந்த மிருகமும் இப்படி இரும்பை எலும்பா உடுத்தினது இல்லை. 2019இல் அழிவை நோக்கும் உயிரினப் பட்டியல்ல இது சேர்ந்தது. காரணம், ஆழ்கடல் சுரங்கம் வரப்போகுதுங்கிற பயம்தான். சம்பாத்தியத்துக்கும் உயிருக்கும் நடுவுல கயிறு மேல நடக்கிறது எப்படின்னு, பட்டாசை நம்பி வாழற மாவட்டத்துக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. தோண்டறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சுக்கணும். அதுக்கும் இந்த ஆராய்ச்சிதான் வேணும்.

உங்களுக்கு இதில் சீட் இருக்கா?

இருக்கு! கடல் தண்ணிக்குள்ள ஜி.பி.எஸ். கிடையாது, ரேடியோ அலை போகாது. 4,500 மீட்டர் ஆழத்துல இருக்கிற ரோபோவுக்கு ஒலி மூலமா ‘நில்லு’ன்னு சொன்னா, அது காதுல விழவே 3 செகண்ட் ஆகும். அந்த மூணு செகண்டுக்கு அது தானே யோசிக்கணும். இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க ஏரியா. சோனார் சிக்னல்ல இரைச்சலைக் கழிச்சு எரிமலையைப் பிரிக்கிறது இ.சி.இ. ஏரியா. 600 மடங்கு அழுத்தத்துல ஒரு சொட்டுக் கசியாத ‘ஓ ரிங்’ சீல் பண்றது மெக்கானிக்கல். பேட்டரி, ட்ரிபிள்-ஈ. குழம்போட கெமிஸ்ட்ரி படிக்க ஜியாலஜி; அது பக்கத்துலயே தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில இருக்கு. மேல படிக்க ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஓஷன் இன்ஜினீயரிங். ‘கேட்’ தேர்வுல ஜியாலஜி - ஜியோபிசிக்ஸ், நேவல் ஆர்க்கிடெக்சர் ரெண்டுக்கும் தனித்தனி பேப்பர் உண்டு. கேம்பஸ்ல ‘சாஃப்ட்வேரா, சொந்தத் தொழிலா’ன்னு ரெண்டே ரோடுதான்னு முழிக்கிறவங்க, மூணாவதா ஒரு கடல் ரோடு இருக்குனு ஞாபகம் வைச்சுக்கோங்க.

இன்னொண்ணு. கடலுக்குப் போகணும்னுகூட இல்லை. ஒரு மருந்து ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது, பருத்தித் துணி போடணும், உள்ளே போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புல இருக்கிற மின்சாரத்தை இறக்கணும்... நம்ம ஊர்ப் பட்டாசு ஆலைகளுக்கான இந்த விதிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. ஆனா உராய்வு, சூடு, ஈரம் இதையெல்லாம் நொடிக்கு நொடி அளந்து, ‘இப்போ வெளியே வா’ன்னு முன்கூட்டியே சொல்ற கருவியும், ஆளுக்குப் பதிலா மருந்து கலக்குற கையும் வேணும். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல எரிமலை மூச்சு விடறதை சென்டிமீட்டர் கணக்குல அளக்க முடியுதுன்னா, நாற்பது அடி தூரத்துல இருக்கிற மருந்து ரூமை அளக்க முடியாதா என்ன?

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கிற மக்களே... திரி உங்க கையில!